எடை விழுந்தால் மட்டும் போதாது

மின்சூளையில் தானாக அணைக்கும் கருவி இருக்கிறது என்று சொன்னதும் புதிதாகக் களிமண் வேலைக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "அப்போ ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போயிடலாமா அக்கா?"

கூடாது. நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் பட்டறையில் ஒரு பழைய மின்சூளை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது பல வருடங்களாக என் பொறுப்பு. அதில் இருப்பது கில்ன் சிட்டர் என்ற இயந்திர வகைக் கருவி. டிஜிட்டல் எதுவும் கிடையாது; ஒரு கம்பி, ஒரு கொக்கி, ஒரு எடைக்கட்டை, ஒரு பட்டன், கூடவே ஒரு டைமர். நல்ல கருவிதான், அதன் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அது செய்ய வேண்டிய வேலையை யோசித்துப் பாருங்கள். மணிக்கணக்கில் சூட்டை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு தடவை அசைய வேண்டும். அந்த அசைவு நடக்குமா என்று சூளை மூட்டுவதற்கு முன்னும், நடந்துவிட்டதா என்று முடியும் நேரத்திலும் ஒரு ஆள் பார்த்தே ஆக வேண்டும்.

கருவி வேலை செய்யும் விதம் புரிந்துவிட்டால் பராமரிப்பில் பாதி தானாகப் புரிந்துவிடும். சூளைச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு பீங்கான் குழாய் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில் இரண்டு தாங்கிகள். தாங்கிகளின் மேல் ஒரு சின்னக் கோனை, அதாவது குறிப்பிட்ட சூட்டில் இளகி வளையும்படி செய்த ஒரு கூம்பை, படுக்க வைப்போம். குழாய்க்குள் ஓடும் உணர்கம்பியின் உள்முனை அந்தக் கோனின் நடுவில் அழுத்திக்கொண்டிருக்கும். வெளிமுனையில் இருக்கும் கொக்கி, தூக்கி வைத்த எடைக்கட்டையைப் பிடித்திருக்கும். சூடு ஏறி கோன் இளகி வளையும்போது உள்முனை இறங்கும், வெளியே கொக்கி மேலே எழும், எடை நழுவி விழும். விழுகிற எடை உள்ளே ஒரு பிடியைத் தட்டிவிட, பட்டன் வெளியே துள்ளி மின்சாரம் நிற்கும். எலிப்பொறி மாதிரிதான். பொறி துருப்பிடித்திருந்தாலும் சரி, ஒரு மயிரிழை தள்ளி மாட்டியிருந்தாலும் சரி, எலி தப்பிவிடும்.

கோனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அணைக்கும் கருவியின் மூளையே அதுதான். ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் 1886-இல் இந்தக் கூம்புகளை உருவாக்கினார். அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896-இல் தன்னுடைய வரிசையைத் தயாரிக்கத் தொடங்கினார். நம்மில் பலர் இன்று வாங்குவது ஆர்ட்டன் எண்கள்தான். கோன் தெர்மாமீட்டர் இல்லை. எவ்வளவு சூடு என்பதோடு, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அது வளைகிறது. கடைசி 100 டிகிரியை மெதுவாக ஏற்றினால் குறைந்த வெப்பநிலையிலேயே சாயும். வேகமாக ஏற்றினால் இன்னும் கொஞ்சம் மேலே போன பிறகுதான் சாயும். களிமண்ணும், பாத்திரத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸும் அப்படியேதான் நடந்துகொள்கின்றன. அதனால்தான் இந்தப் பழைய முறை இன்னும் செல்லுபடியாகிறது.

எண்களில் ஒரு பெரிய குழி இருக்கிறது. முன்னால் பூஜ்யம் உள்ள எண்கள் தலைகீழாக ஓடும்: 022 மிகக் குறைந்த சூடு, 06 அதைவிட அதிகம், 01-க்கு அப்புறம் 1, 2 என்று ஏறும். கோன் 06 ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் வளையும். கோன் 6 வளைய ஏறத்தாழ 1220 வேண்டும். ஒரே ஒரு பூஜ்யம், 220 டிகிரி வித்தியாசம். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் குறைந்த சூட்டு மண்ணில் செய்த பாத்திரங்களை அடுக்கிவிட்டு, சிட்டரில் 06-க்குப் பதில் 6 போய் உட்கார்ந்துவிட்டது. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கோன் 6 வளையும்வரை காத்திருந்தது. பாத்திரங்கள் அதற்குள் உருகி, அவற்றை அடுக்கியிருந்த சூளைத் தட்டுகளோடு ஒன்றாகியிருந்தன. எங்கள் பட்டறையில் பூஜ்யம் உள்ள கோன் பெட்டிகளும் மற்றவையும் வேறு வேறு அலமாரியில் இருக்கும். யார் வைத்தாலும், கோனில் பதித்திருக்கும் எண்ணை இன்னொருவர் சத்தமாகப் படித்த பிறகுதான் மூடி இறங்கும். கொஞ்சம் பள்ளிக்கூடத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும்.

கோனை வைக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. சின்னக் கோன் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து போகும். கம்பி தடித்த பகுதியில் அழுத்தினால் வளையத் தாமதமாகும், மெலிந்த பகுதியில் அழுத்தினால் சீக்கிரம் வளையும். நடுவில்தான் அழுத்த வேண்டும். எந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வைக்கிறீர்களோ, ஒவ்வொரு முறையும் அதே பக்கம் கீழே வரட்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், நீளம் முழுக்க ஒரே கனமாக வரும் பார் வடிவக் கோன்கள் கிடைக்கின்றன. பலர் கைமாறிப் பயன்படுத்தும் சூளைக்கு நான் பார்களைத்தான் சொல்வேன். கோன் தாங்கியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தாங்கியின் மேல்பக்கத்தில் கோன் தொடும் இடத்தில் மட்டும் கில்ன் வாஷ் என்ற பூச்சை மெல்லிசாகத் தடவலாம். தடிமனாகப் பூசினால் அந்தத் தடிமனே அளவை மாற்றிவிடும். போன முறை ஒட்டிய துணுக்கின் மேலேயே புதுக் கோனை வைப்பதும் இதே கதைதான்.

அடுத்தது சரிபார்க்கும் வட்டு. கருவியோடு வரும் சின்ன உலோக வட்டு இது, நடுவில் ஒரு துளை இருக்கும். பல பட்டறைகளில் இது எங்கே போனது என்றே யாருக்கும் தெரியாது. சூளையின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, வட்டைக் குழாயின் உள்முனையில் மாட்டி, கம்பியின் நுனி அந்தத் துளைக்குள் வரும்படி வைக்க வேண்டும். இப்போது கம்பி, கோன் வளைந்து முடிந்த நிலையில் எங்கே இருக்குமோ அங்கே நிற்கிறது. வெளியே போய் எடையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். எடையின் நுனி கொக்கியைத் தொடாமல், ஒன்றரை மில்லிமீட்டர் போல மட்டும் இடைவெளி விட்டுத் தாண்டிப் போக வேண்டும். உரசினால் சரியான நேரத்தில் விழாது. இடைவெளி அதிகமாக இருந்தால் கோன் முழுதாக வளையும் முன்பே விழுந்துவிடும். கொக்கியில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி இறுக்கிச் சரிசெய்யலாம். ஸ்க்ரூவை இறுக்கும்போது கொக்கி லேசாகத் திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் வட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இதைத் தனி வாக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வட்டு உள்ளேயே இருந்தால் கம்பி இறங்கவே இறங்காது. எங்கள் வட்டில் ஒரு நீளமான சிவப்பு நாடா கட்டியிருக்கிறது. வட்டு உள்ளே இருந்தால் நாடா வெளியே தொங்கும்.

இந்தச் சரிபார்ப்பை ஒவ்வொரு முறையும் செய்யத் தேவையில்லை. சில சுடல்களுக்கு ஒரு தடவை, பழுதுபார்த்தால் ஒரு தடவை, கருவியில் தட்டு இடித்துவிட்டால் கண்டிப்பாக ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது வேறு: கோனை வைத்து, எடையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, மின்சாரம் இல்லாத நிலையிலேயே பட்டனை அழுத்துங்கள். அப்புறம் வெளியில் இருந்து விரலால் கொக்கியை மெல்லத் தூக்கிவிடுங்கள். எடை தடையில்லாமல் விழ வேண்டும், பட்டன் 'டக்' என்று வெளியே துள்ள வேண்டும். எடை தயங்கி விழுந்தாலோ, பட்டன் சோம்பேறித்தனமாக வெளியே வந்தாலோ அன்று சூளை போடாதீர்கள். அரை நிமிட வேலை.

பட்டன் ஏன் முக்கியம் என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். கிளேஸ் சுடல் ஒன்று. முடிகிற நேரம் என்று கணக்குப் பார்த்து அரை மணி முன்பே போய் உட்கார்ந்திருந்தேன். எடை விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் எடை கீழே தொங்குகிறது, பட்டன் மட்டும் உள்ளேயே இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. சூளையைச் சூடாக்கும் கம்பிச் சுருள்களான காயில்களில் இருந்து வரும் அந்த லேசான ரீங்காரமும் நிற்கவில்லை. அதாவது கருவி "முடிந்தது" என்று சொல்லிவிட்டது, சூளை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. சுவரில் இருக்கும் பிரேக்கரை இறக்கினேன். விளக்கு அணைந்தது, ரீங்காரம் நின்றது. மறுநாள் சூளை முழுதாக ஆறிய பிறகு எலெக்ட்ரீஷியன் ஸ்விட்ச் பகுதியைத் திறந்து காட்டினார். மின்சாரத்தை இணைக்கும் இரண்டு முனைகளும் கருகி, குழி விழுந்து, ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறை அணையும்போதும் அங்கே ஒரு பொறி பறக்கும். வருடக்கணக்கில் அந்தப் பொறி செய்யும் வேலை இது. இரும்பும் கோனும் ஒழுங்காக இருந்தும், கடைசிக் கண்ணியில் அறுந்துபோனது. பகுதியை அப்படியே மாற்றினோம். உரசித் தேய்த்து மறுபடி மாட்டலாமே என்று ஒருவர் சொன்னதை நான் கேட்கவில்லை.

அதனால் எடை விழுந்த சத்தத்தோடு எங்கள் வேலை முடிவதில்லை. பட்டன் வெளியே வந்ததா, விளக்கு அணைந்ததா, ரீங்காரம் நின்றதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு ஸ்விட்சையும் கையால் ஆஃப் செய்து, பிரேக்கரையும் இறக்குகிறோம். பிரேக்கருக்குப் போகும் வழியில் பெட்டியோ நாற்காலியோ இருக்கக் கூடாது. சூளையைச் சுற்றி அரை மீட்டர் அளவுக்கு எதுவும் வைக்காமல் விடுவதும் இதோடு சேர்ந்ததுதான்.

இப்போது டைமர். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சூளையை அணைப்பது கோனின் வேலை. கோன் கைவிட்டால் அணைப்பது டைமரின் வேலை. சூளை வழக்கமாக எட்டு மணி நேரம் எடுக்கும் என்றால் எட்டரை அல்லது ஒன்பதில் வைக்க வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று இருபதில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தால் அது எதற்கும் இருக்காது. இறுக்கமாக எட்டில் வைத்தால் கோன் வளையும் முன்பே டைமர் அணைத்துவிடும், பாத்திரம் அரைவேக்காடாக வரும். சரியான எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒவ்வொரு சுடலுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று நோட்டில் எழுதுவது. அந்த நோட்டு இன்னொன்றையும் சொல்லும். காயில்கள் பழசாக ஆக, நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். நேரம் நீள்வதைக் கவனிக்காமல் டைமரை மட்டும் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு போனால், ஒருநாள் சூளை எட்ட வேண்டிய சூட்டை எட்டவே முடியாமல் தவிக்கும். அப்போது மாற்ற வேண்டியது காயிலை, டைமர் முள்ளை இல்லை.

எங்கள் கருவியில் டைமர் ஒரு சின்ன மின்மோட்டாரில் ஓடுகிறது. மோட்டார் செத்துப்போனால் முள் நகராது, ஆனால் சூளை எரியும். வெளியில் ஒன்றும் தெரியாது. சூளை மூட்டி ஒரு மணி நேரம் கழித்துப் போய் முள் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். மின்வெட்டு வந்தால் சூளையோடு இந்த டைமரும் நின்றுவிடும், மின்சாரம் திரும்பி வந்ததும் இரண்டும் சேர்ந்து தொடரும். எடை கொக்கியிலேயே இருப்பதால் சூளை தானாக மறுபடி சூடாகத் தொடங்கும். அந்த நேரத்தில் ஆள் இல்லாமல் இருப்பது எனக்குப் பிடிக்காது. நீண்ட வெட்டு என்றால் ஸ்விட்சுகளை அணைத்துவிட்டு, ஆறவிட்டு, புதுக் கோன் வைத்துத்தான் மறுபடி தொடங்குவேன். பாதி வெந்த கோனை நம்ப முடியாது.

ஈரம் காய்வதற்காக மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, குறைந்த சூட்டில் இரவு முழுக்க விடுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் கோனுக்கு ஒரு வேலையும் இல்லை. யாராவது தெரியாமல் ஸ்விட்சை ஹையில் திருப்பிவிட்டால் காப்பாற்ற டைமர் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அப்போதும் டைமரைக் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். எடை விழுந்த பிறகு அதை மறுபடி தூக்கி, பட்டனை அழுத்தி, சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் வழக்கமும் இருக்கிறது. சில கிளேஸ்களுக்கு அது அழகாக வேலை செய்யும். ஆனால் வளைந்த கோன் மறுபடி வளையாது. அந்த நேரம் முழுக்க அணைக்கும் கருவி என்பது நீங்கள்தான், நகரக் கூடாது.

சிட்டர் சொல்வதைச் சரிபார்க்க, சூளைக்குள் தட்டுகளில் சாட்சிக் கோன்கள் வைக்கிறோம். வேண்டிய எண், அதற்கு ஒரு படி குறைந்தது, ஒரு படி கூடியது என்று மூன்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சிட்டரின் கோன் சுவரை ஒட்டி, காயிலுக்கு அருகில் இருக்கிறது, அதன் மேல் கம்பியின் பாரமும் இருக்கிறது. நடுத்தட்டில் இருக்கும் பாத்திரத்துக்குக் கிடைக்கும் வெப்பமும் அதற்குக் கிடைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் சூளையில் தட்டில் கோன் 6 சரியாகச் சாய வேண்டும் என்றால் சிட்டரில் 7 வைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் சூளையில் வேறு மாதிரி இருக்கலாம், சாட்சிக் கோன்கள்தான் சொல்லும். பார்வைத் துளை வழியாகப் பார்ப்பதானால் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண கூலிங்கிளாஸ் அந்த வேலைக்கு ஆகாது. முகத்தைத் துளைக்கு மிக அருகில் கொண்டுபோகவும் வேண்டாம்.

அடுக்கும்போது ஒரு கவனம்: குழாய்க்கும் கம்பிக்கும் அருகில் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடமாவது விடுங்கள். சூட்டில் பாத்திரம் சாயலாம், உப்பலாம், தட்டு நகரலாம். ஏதாவது ஒன்று கம்பிக்குக் கீழே போய் முட்டுக் கொடுத்துவிட்டால் கோன் இளகினாலும் கம்பி இறங்காது. எதிர்ப்பக்கமும் உண்டு. எரியும் சூளையை யாராவது இடித்தால் எடை முன்கூட்டியே விழுந்துவிடும். அது ஆபத்து இல்லை, சுடல்தான் வீண்.

சுத்தம் செய்வது எளிது. ஆறிய சூளையில், ப்ளக் கழற்றிய பிறகு, குழாயின் வாயில் இருக்கும் செங்கல் தூளையும் கோன் துணுக்குகளையும் வாக்குவம் வைத்து எடுங்கள். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. கம்பியை வெளியில் இருந்து மெல்ல ஆட்டிப் பாருங்கள், தடையில்லாமல் மேலும் கீழும் போக வேண்டும். இறுக்கமாக இருக்கிறது என்று எண்ணெயோ ஸ்ப்ரேயோ அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். சூட்டில் எண்ணெய் கருகிப் பிசினாகி, தூசியைப் பிடித்து வைத்து, முன்பைவிட மோசமாக இறுக்கிவிடும். களிமண்ணில் இருந்தும் கிளேஸில் இருந்தும் வரும் புகை இந்தக் குழாய் வழியாகவும் வெளியே கசியும், உலோகத்தை அரிக்கும். புகையை வெளியேற்றும் விசிறி இருந்தால் கருவியின் ஆயுள் கூடும், உங்களுடையதும்தான்.

கம்பியின் நுனி ஒவ்வொரு சுடலிலும் கொஞ்சம் தேயும். மெலிந்து போயிருந்தால், வளைந்திருந்தால், தாங்கிகள் சாய்ந்திருந்தால், குழாயில் விரிசல் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். வளைந்த கம்பியைக் குறடு வைத்து நிமிர்த்தி ஓட்டுவதை நான் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

டிஜிட்டல் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் தங்களுக்கு இல்லை என்று நினைக்கலாம். அங்கேயும் மின்சாரத்தை வெட்டுவது ஒரு ரிலே, அதன் முனைகளும் ஒட்டிக்கொள்ளும். திரை "முடிந்தது" என்று காட்டும், காயில் எரிந்துகொண்டே இருக்கும். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளும் நாளாக ஆக உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கலாம், அப்போது கன்ட்ரோலர் இன்னும் ஏற்றிக்கொண்டே போகும். பழைய சூளைக்குக் கன்ட்ரோலர் மாட்டியவர்களில் சிலர் சிட்டரைக் கழற்றாமல், ஒரு படி கூடிய கோனை அதில் வைத்து இரண்டாவது காவலாக விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

எந்தப் பகுதியை மாற்றினாலும் முதல் சுடலில் நல்ல பாத்திரங்களை அடுக்க வேண்டாம். வட்டை வைத்துச் சரிசெய்து, வட்டைக் கழற்றி, மேல், நடு, கீழ்த் தட்டுகளில் சாட்சிக் கோன்களோடு ஒரு வெற்றுச் சுடல் ஓட்டுங்கள். எடை விழுந்த நேரத்தையும் கோன்கள் சாய்ந்த விதத்தையும் நோட்டில் எழுதிவிட்டு, அதைப் பார்த்து டைமரைப் புதிதாகக் கணக்கிடுங்கள். பழைய கணக்கு பழைய பகுதிக்கானது.